சுபைறா வாசித்த கடிதங்கள்

சுபைறாமீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வருகிற நோன்போடு அவள் மௌத்தாகி மண்ணுக்குப் போய் ஒரு வருசம். மௌத்தானவர்களின் குறையைக் கிளறக் கூடாது என்று மார்க்கம் படித்த ஆலிம்கள் சொல்வார்கள். நான் கிளறவில்லை, நெஞ்சில் கிடப்பதை இறக்கி வைக்கிறேன். நாலு வருசம் ஒரே கொட்டிலில் வேலை செய்தோம். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகுத் தட்டி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் இருந்து அவள் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்பினேன். “முத்தலிப் காக்கா, விசயம் இதுதான்” என்று, தமையனிடம் சொல்வதுபோல ஒரு தரம் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில் ஒரு புதன்கிழமை நானாக அறிந்துகொண்டபோது, தறிக்குழிக்குள் இருந்த என் கால் இரண்டும் விறைத்துப்போயின. இதை எழுதும் இந்த நேரத்திலும் அந்தக் குளிர் கரண்டைக்காலில் நிற்கிறது.

மருதமுனையில் கடற்கரைப் பக்கம் இருந்த தறிக்கொட்டில் அது. எட்டுத் தறி, எட்டு ஆண்கள். தட்டிக்கு அங்கால் இரண்டு மூன்று பெண்கள் ராட்டையில் நூல் சுற்றித் தருவார்கள். தட்டியின் அடியில் ஒரு சாண் இடைவெளி உண்டு. நூல்கட்டை நிறைந்த பெட்டி அதற்குள்ளால் இங்கே வரும், வெறும் பெட்டி அங்கே போகும். சுபைறாவின் கையை மணிக்கட்டு வரைக்கும் நான் தினமும் பார்த்தேன். முகத்தைப் பார்த்தது மொத்தம் மூன்று தரமோ நாலு தரமோ.

அவளுடைய புருசன் ஜவுபர் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவர். எழுபத்தெட்டுச் சூறாவளி அந்த வீட்டின் கூரையோடு மாஸ்டரின் தம்பியையும் கொண்டுபோனது. தம்பி கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. செய்தி கேட்ட இடத்திலேயே தாய் சபியா உம்மா விழுந்தார். மூன்று மாதம் பாயோடு பாய். எழும்பி நடந்தபோது டொக்டர் மாஸ்டரைக் கூப்பிட்டு, “இன்னொரு செய்தி இப்படி வந்தா உங்கட உம்மாட நெஞ்சு தாங்காது” என்று சொல்லி அனுப்பினார். இது ஊருக்கே தெரியும். கூரை போடுவதற்காக மாஸ்டர் அடுத்த வருசம் ஈராக்குக்குப் போனார். ஒரு கம்பெனியில் எழுத்து வேலை, பஸ்றா என்ற ஊர். சுபைறா மாமியாரையும் கூட்டிக்கொண்டு நூல் சுற்ற எங்கள் கொட்டிலுக்கு வந்தாள்.

வந்து ஒரு கிழமைக்குள் கதை சொல்லத் தொடங்கினாள். சும்மா கதைகள் அல்ல. மாஸ்டரிடம் கெட்டி மட்டை போட்ட இங்கிலீசுப் புத்தகம் ஒன்று இருந்ததாம். நூறு வருசத்துக்கு முன்னால், விக்டோரியா மகாராணி இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் எழுதிய பேய்க் கதைகள், பழைய வீட்டுக் கதைகள். கலியாணம் முடித்த நாளில் இருந்து அவர் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து அவற்றை இவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவாராம். அப்படியே எழுத்தையும் படிப்பித்துவிட்டார். எங்கள் தெருவில் இங்கிலீசுக் கடிதம் ஒன்று வந்தால் அதை வாசிக்கத் தெரிந்த ஆள் மாஸ்டருக்குப் பிறகு சுபைறாதான். வேறு ஆள் இல்லை.

முதல் கதை எனக்கு நல்ல ஞாபகம். ஒரு டொக்டர், குளிர் காலம், மழை. தூரத்துப் பெரிய வீடொன்றில் நோயாளி என்று ஆள் வந்து கூட்டிப் போகிறான். டொக்டர் போய்ச் சேர்வதைச் சொல்லவே சுபைறாவுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஆற்றைக் கடந்தது, குதிரை ஒரு வளைவில் நின்று நகர மறுத்தது, வீட்டுக்குள்ளேயே அடுப்பு மூட்டி அதன் முன்னால் கதிரை போட்டிருந்தது...

“ஊட்டு நடுவுல அடுப்பா?” என்று பக்கத்துத் தறியில் இருந்த றவூப் கேட்டான். அவன் வாய் சும்மா கிடக்காது. “அப்ப குசினிக்குள்ள என்னத்த வெச்சிரிக்காங்க, கட்டிலா?”

“குளிருக்குக் காயிற அடுப்பு றவூப் காக்கா. வாய மூடிட்டுக் கேளுங்க.”

வேலைக்காரனை விட்டால் வீட்டில் இருப்பது நோயாளியான எசமானும் டொக்டரும் மட்டும். சாப்பாட்டு மேசையில் மூன்று கோப்பை. வேலைக்காரன் மூன்றாவது கோப்பைக்கும் சூப்பு ஊற்றுகிறான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. டொக்டர் கேட்கப் போனால் எசமான் மழையைப் பற்றிக் கதைக்கிறார். மூன்றாம் நாள் மூன்றாவது கோப்பையில் சூப்பு அரைவாசி குறைந்திருக்கிறது.

ராட்டை நின்றது.

“மறுகா?” என்றான் றவூப்.

“பகல் லுஹருக்குப் பள்ளியில வாங்கு சொல்லப்போறாங்க. நாளைக்குச் சொல்றன்.”

“பூனை குடிச்சிரிக்கும், வேற என்ன?”

“டொக்டரும் அப்படித்தான் நெனச்ச” என்றாள் தட்டிக்குப் பின்னால் இருந்து. “அந்த ஊட்டுல பூனை இல்ல எண்டு பொறகுதான் அவருக்குத் தெரிய வந்த.”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இறக்காமத்து வயலில் காவலுக்குப் படுத்து, யானை மூச்சு விடுவதைப் பக்கத்தில் கேட்டவன் நான். அப்போது வராத பயம் ஒரு கோப்பை சூப்பில் வந்தது. எனக்குக் கோபமும் வந்தது. பெண்பிள்ளை ஒருத்தி ராட்டை சுற்றிக்கொண்டு என்னை இப்படி ஆட்டி வைப்பதா?

இரண்டு வருசத்தில் புத்தகம் முழுவதையும் அவள் சொல்லி முடித்தாள். கேட்டுக் கேட்டு அந்த வெள்ளைக்காரர்களின் வேலை எனக்கு ஓரளவு பிடிபட்டது. பேயை அவர்கள் காட்டுவதே இல்லை. காட்டினால் பயம் போய்விடும். முதலில் சத்தம். சத்தத்துக்கு எலி, காற்று, மரக்கொப்பு என்று நம்பும்படி ஒரு காரணம். அந்தக் காரணம் பொய்யாகும்போதுதான் பயம் வரும். கதை சொல்லும் ஆள் எப்போதும் டொக்டர், வழக்குப் பேசும் புறக்டர் மாதிரி ஒருவர், பேயை நம்பாத மனுசன். அவரே நடுங்கினால் நாம் என்ன ஆவோம்? விசயம் தெரிந்த கிழவன் ஒருவன் அந்த வீட்டில் கட்டாயம் இருப்பான், அவன் வாயைத் திறக்க மாட்டான். ஒரு நாள் றவூப் பொறுமை இழந்து, “அந்த மனிசன் பஸ் ஏறித் தன்ட ஊட்ட போனா என்னகா? ஏன் அங்கேயே கெடந்து சாகிறான்?” என்று கத்தினான்.

“போகத்தான் பார்க்கிறாரு. பாலம் ஒடஞ்சி, குதிரைக்குக் கால் ஏலா. போக வழியிருந்தா அது கதையில்ல காக்கா, பயணம்.”

முதலாளி ஒரு நாள், நாங்கள் நெய்த இடுப்புச் சாறனை விரித்துப் பார்த்துவிட்டு, “இதென்ன, நடுவுல ஒரு முழம் மட்டும் பலகை மாதிரி இறுகிக் கெடக்கு?” என்று கேட்டார். எட்டுத் தறியிலும் ஒரே நாளில் நெய்த துணி, எட்டிலும் அந்த இறுக்கம். கதையில் ஒருத்தி இருட்டுப் படியில் இறங்கிய நேரம் நாங்கள் எல்லோரும் நூலை அப்படி அடித்திருக்கிறோம். முதலாளிக்கு நாங்கள் சொல்லவில்லை. ஈரக்காற்று என்று சொன்னோம்.

சபியா உம்மாவுக்கு இந்தக் கதைகளில் பெரிய பிரியம் கிடையாது. அவருக்கு வேண்டியது மகனின் கடிதம். சுபைறா அதையும் கொட்டிலில் வைத்துத்தான் வாசிப்பாள். நாங்களும் கேட்போம். மாஸ்டர் கதைப் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவரே தவிரக் கடிதம் எழுதத் தெரிந்தவர் அல்ல. நான் சுகம், நீங்கள் சுகமா, இங்கே வெயில், அங்கே மழையா, அவ்வளவுதான். வாசித்து முடிந்ததும் உம்மா கையைத் தூக்கி, “யா அல்லாஹ், என்ட புள்ளய சலாமத்தாக் கொண்டு வந்து சேரு” என்று துஆக் கேட்பார். தறியில் இருந்தபடியே நாங்கள் எட்டுப் பேரும் ஆமீன் சொல்லுவோம். அது அந்தக் கொட்டிலின் வழக்கமாகிவிட்டது.

எண்பதாம் ஆண்டுக் கடைசியில் ஈராக்கில் சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கடிதம் இல்லை. எண்பத்தொன்று பிறந்ததும் சுபைறா கதை சொல்வதை நிறுத்தினாள். தொண்டை சரியில்லை என்று உம்மா சொன்னார். தலையில் இருந்து கால் வரை மூடிக்கொண்டு, வெளிச்சம் வருமுன் வந்து தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் எல்லோரும் போன பிறகுதான் எழும்புவாள். நாலு மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் ராட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. “கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்க உம்மா” என்றான் றவூப். நான் திப்பிலி வாங்கித் தட்டிக்கு அடியால் தள்ளிவிட்டேன்.

பிறகு குரல் வந்தது. கடிதமும் வந்தது. சுகமாக இருக்கிறேன், சண்டையால் பணம் அனுப்ப வழியில்லை, லீவும் இல்லை. இரண்டு மூன்று கடிதம் அப்படி. உம்மாவுக்குப் போதவில்லை.

“சுகமெண்டு எழுதுறான். சுகமா இரிக்கிறவன் ஏன் வாறான் இல்ல? எப்ப வருவானாம்? அதக் கேட்டு எழுது புள்ள.”

ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்விதான். அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அந்த வருசம் ஆவணி மாதம் வந்த கடிதம்தான் எங்களை அடித்துப் போட்டது.

கம்பெனி தங்களை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறது என்று மாஸ்டர் எழுதியிருந்தார். துருக்கிக்காரர் காலத்துப் பழைய மாடி வீடு. கீழே அவரும் இன்னும் இரண்டு பேரும். மேலே நாலு அறை. மூன்று திறந்து கிடக்கிறது, ஒன்றுக்குப் பூட்டு. “பூட்டுக்குத் துருப்பிடிக்கவில்லை. யாரோ எண்ணெய் போடுகிறார்கள்” என்று சுபைறா வாசித்தாள். வீட்டுக் காவல்காரன் நொண்டிக் கிழவன், அறையைப் பற்றிக் கேட்டால் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். லுஹருக்கும் அஸருக்கும் நடுவே, வெயிலுக்குப் பயந்து ஊரே படுத்திருக்கும் நேரத்தில், மேலே யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்கிறது. எலியாக இருக்கும், உம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

“சொல்லிட்டியே புள்ள!” என்றார் உம்மா. “கதிரைய எலி இழுக்குமா? என்ட றப்பே! அந்த அறைக்குள்ள என்ன?”

“அவருக்கும் தெரியா மாமி. அடுத்த கடிதத்துலதான் எழுதுவாரு.”

அதற்குப் பிறகு சபியா உம்மா ‘எப்ப வருவான்’ என்று கேட்கவில்லை. ‘அறைக்குள்ள என்ன’ என்றுதான் கேட்டார். நாங்களும் அதையே கேட்டோம். மாதம் ஒரு கடிதம். ஒன்றில் கதவின் அடியில் ஈரம். ஒன்றில் காவல்காரன் ஒரு தட்டில் பேரீச்சம்பழத்தோடு மேலே ஏறி, வெறும் தட்டோடு இறங்கினான். ஒன்றில் மாஸ்டர் துணிந்து படியேறிக் கதவில் காதை வைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பப் போகும்போது பூட்டு மெல்ல ஆடிக்கொண்டு நின்றது.

“எவனும் தொட்டிரிக்கானா?” என்று றவூப் கேட்டான். அவன் குரலில் பகிடி இல்லை.

“கடிதம் அவ்வளவுதான் காக்கா.”

ஒரு சாறனைத் தடவிப் பார்த்து, அது எந்தத் தறியில் யார் கை நெய்தது என்று சொல்லக்கூடியவன் நான். இந்தக் கடிதங்களை யார் நெய்தார்கள் என்று எனக்குத் தெரியாமல் போனது. வாயைத் திறக்காத கிழவன், எலி, பேயை நம்பாத படித்த மனுசன், போக வழியில்லாத இடம், எல்லாமே எனக்குப் பழகிய சாமான்கள். ஆனாலும் மாஸ்டர் பாவம் அப்படி ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டாரே என்று தொழுகையில் அவருக்காக அழுதிருக்கிறேன். அந்த நாட்களில் தபால்காரன் சுபைறாவுக்குக் கடிதம் கொண்டுவந்ததை யாரும் கண்டதில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

எண்பத்திரண்டு கடைசியில் சபியா உம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுபைறா தொழுகைக்கு உளூ எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள்.

“மனே முத்தலிப், அது ஜின்னு குடியிருக்கிற ஊடு. என்ட புள்ளட கழுத்துல ஒரு இஸ்மு கிடந்தா ஒண்டும் அண்டாது. இவக்கிட்டச் சொன்னா மார்க்கத்துல இல்லாத வேல எண்டு என்னோட சண்டை பிடிப்பா. படிச்சவன்ட பொஞ்சாதி. நீ யாருக்கும் தெரியாம இறக்காமத்துக்குப் போய் எழுதிக் கொண்டு வா.”

போனேன். அங்கே ஒரு பெரியவர் ஓதி எழுதித் தகட்டைச் சுருட்டிக் கூட்டில் அடைத்துத் தந்தார். அதை ஈராக்குக்கு எப்படி அனுப்புவது? எங்கள் ஊர் இப்றாஹிம் அடுத்த மாதம் பஸ்றாவுக்கே வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அவன் கையில் கொடுத்து, மாஸ்டரின் கம்பெனிப் பெயரையும் சொல்லி, “கழுத்துல கட்டிட்டு எனக்கொரு கடிதம் போடு” என்றேன். உம்மா சொன்னபடி சுபைறாவுக்கு மூச்சு விடவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

அந்தப் புதன்கிழமை பத்து மணி இருக்கும். தபால்காரன் சைக்கிளில் இருந்து இறங்காமலே கொட்டில் வாசலில் நின்று கத்தினான்: “முத்தலிப்புக்கு ஈராக்குக் கடிதம்!”

தட்டிக்கு அங்கால் உம்மாவின் குரல் துள்ளியது. “இப்றாஹிம்தானே? வாசி மனே, சுறுக்கா வாசி!”

தறியில் இருந்தபடியே உடைத்தேன். ஒரு பக்கக் கடிதம். இப்றாஹிமின் எழுத்து பெரிய எழுத்து, எனக்கு வாசிக்கக் கஷ்டமில்லை. வந்ததும் அந்தக் கம்பெனியைத் தேடிப் போனானாம். “காக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஜவுபர் மாஸ்டர் மௌத்தாகி இரண்டு வருசத்துக்கு மேல். எண்பதாம் ஆண்டு டிசம்பரில் லொறி அடித்தது. மய்யித்தை இங்கேயே அடக்கியிருக்கிறார்கள். கபுறடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்கள், நான் யாசீன் ஓதினேன். வீட்டுக்கு அப்போதே ரெஜிஸ்தர் கடிதம் அனுப்பிவிட்டோம், கையெழுத்தும் திரும்பி வந்தது என்று ஒபீசில் சொன்னார்கள். நீங்கள் சொன்ன மாடி வீடு இங்கே எங்கேயும் இல்லை. எல்லோரும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறோம். இஸ்மை என்ன செய்வதென்று தெரியாமல் என் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.”

திரும்ப வாசித்தேன். எழுத்து மாறவில்லை. ஏழு தறியும் ஓடிக்கொண்டிருந்தன, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாடி வீடு இல்லை. பூட்டு இல்லை. நொண்டிக் கிழவன் இல்லை. இரண்டு வருசத்துக்கு மேலாக நாங்கள் எட்டுப் பேரும் யாருடைய உயிருக்கு ஆமீன் சொன்னோம்?

“என்ன மனே சத்தத்தக் காணல்ல? என்ட புள்ளயக் கண்டானாமா?”

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்தது. “சுகமாம் உம்மா. இவன்ட எழுத்து கோழி கிளறின மாதிரி இரிக்கி. கண்ணாடி ஒடஞ்சி கல்முனையில ஒட்டக் குடுத்திரிக்கன். வெள்ளிக்கிழமை எடுத்து வந்து முழுசா வாசிக்கிறன்.”

“பயந்து போயிட்டன்” என்றார் உம்மா.

ஆனால் தட்டிக்கு அங்கால் ஒரு ராட்டை நின்றுவிட்டது. எந்த ராட்டை என்று எனக்குத் தெரியும். இப்றாஹிம் ஈராக்கில் இருப்பதும் அவன் எனக்கு எழுதியிருப்பதும் அவளுக்கு அந்த நிமிசம் வரை தெரியாது.

லுஹருக்கு எல்லோரும் கலைந்தார்கள். உம்மா மற்றப் பெண்ணோடு வீட்டுக்குப் போனார். சுபைறா போகவில்லை. நானும் போகவில்லை. வாசல் கதவு இரண்டும் திறந்து கிடந்தது, றோட்டில் ஆள் நடமாட்டம். நான் என் தறியில் இருந்தபடி கடிதத்தைத் தட்டிக்கு அடியால் தள்ளினேன். அந்தக் கை வந்து எடுத்தது. மடிப்பு விரியும் சத்தம் கேட்டது.

“வாசிச்சியா?”

“ஓம் காக்கா.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“கம்பெனிக் கடிதம் வந்த அண்டைக்கே. இங்கிலீசுல வந்த. மூணு தரம் வாசிச்சன். மாமி பக்கத்துல இருந்து, என்ட மகன் என்ன எழுதிரிக்கான் எண்டு கேட்டா. நான் சொல்லத்தான் வாயத் தொறந்த. ‘சுகமாம்’ எண்டு வந்த. நீங்க இண்டைக்குச் சொன்ன அதே சொல்லு.”

எனக்குக் கோபம் வந்தது. “ஒரு முஸ்லிம் மௌத்தாகிக் கெடக்கான். ஊர்ல ஒரு காயிப் ஜனாஸாத் தொழுவல்ல, மய்யித்துத் தூரத்துல கெடந்தா இஞ்ச நிண்டு தொழணும் எண்டு உனக்குத் தெரியாதா? ஒரு கத்தம் இல்ல, ஒரு யாசீன் இல்ல. நீ எங்கள வெச்சி, உசிரோட இரிக்கிற ஆளுக்கு மாதிரி துஆக் கேக்க வெச்சிரிக்காய்!”

“யாசீன் நான் ஒவ்வொரு நாளும் ஓதின. ராட்டைச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிரிக்காது.”

“இத்தா? புருசன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் பொம்புள வெளி ஆம்புளைட கண்ணுல படாம இரிக்கணுமே, அது?”

ராட்டை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“இஞ்சதான் இருந்த காக்கா. இந்தத் தட்டிக்குப் பின்னால. நூல் சுத்தாட்டி மாமிக்குச் சோறில்ல, வராம இரிக்க ஏலாது. நீங்க எல்லாரும் வர முதல் வந்து, போன பொறகு போன. ஒருதர்ட முகமும் பார்க்கல்ல, ஒருதரோடயும் கதைக்கல்ல. நீங்க திப்பிலி தந்த. அவிச்சுக் குடிச்ச.”

நெஞ்சில் யாரோ தறியின் அச்சை இழுத்து அடித்த மாதிரி இருந்தது. ஒரு பெண் என் முழங்கைக்கு அந்தப் பக்கம் இருந்து புருசனுக்காக இத்தா இருந்திருக்கிறாள். நான் அவளுக்குத் தொண்டை மருந்து தள்ளியிருக்கிறேன்.

“அந்த ஊடு? அந்த அறை? அத ஏன் கட்டின?”

“நான் கட்ட நெனைக்கல்ல. சுகம் எண்டு எழுதினா, ஏன் வாறான் இல்ல எண்டு கேட்டா. அதுக்கு எனக்கிட்ட என்ன மறுமொழி இரிக்கி? ஒவ்வொரு நாளும் எப்ப, எப்ப எண்டு கேட்டுக் கேட்டு, மூச்சு ஏங்கி, என்ட கண்ணுக்கு முன்னால உருகினா. அவர்ட புத்தகம் ஞாபகம் வந்த. கேக்கிறதுக்கு வேற ஒண்டு குடுத்தா இதக் கேக்கமாட்டா எண்டு நெனச்ச. ஒரு கதவப் பூட்டின. அண்டையில இருந்து கதவத்தான் கேட்டா. சோறும் தின்டா.”

“எவ்வளவு காலத்துக்குப் பூட்டி வெப்பாய்?”

“தெரியா காக்கா. அவர்ட புத்தகத்துல எல்லாக் கதைக்கும் முடிவு இருந்த. இதுக்கு இரிக்கிற முடிவு ஒண்டுதான். அத நான் மாமிக்கு வாசிக்க மாட்டன்.”

ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று சொல்லத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல முடியவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள், நிந்தவூருக்குப் போக ஏலுமா என்று. அங்கே மாஸ்டரைத் தெரிந்தவர்கள் இல்லை. வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிக் கதீபிடம் சொல்லி ஜனாஸாத் தொழுவித்துவிட்டு வந்தால் ஒரு கடன் தீரும். நான் எழும்பிப் போனேன்.

வெள்ளிக்கிழமை நிந்தவூர் பஸ்ஸில் ஏறினேன். கதீப் மௌத்தானவரின் பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டார். சொன்னேன். “எப்ப மௌத்து?” என்றார். இரண்டு வருசத்துக்கு மேல் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். பள்ளி நிறைந்த சனம். முகம் தெரியாத ஐந்நூறு பேர் ஜவுபர் மாஸ்டருக்காக வரிசையில் நின்று நாலு தக்பீர் கட்டினார்கள். மௌத்தானவருக்குத் துஆ ஓதும் மூன்றாவது தக்பீரில் எனக்கு ஓத வரவில்லை. ஆமீன், ஆமீன் என்று பழைய சத்தமே காதுக்குள் கேட்டது.

அதற்குப் பிறகு சபியா உம்மா ஏழு மாதம் இருந்தார். நித்திரையில் மௌத்தானார், முகம் அமைதியாகத்தான் இருந்தது. மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்ற எண்ணத்தோடு போனார். மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகுதான் சுபைறா ஊருக்கு உண்மையைச் சொன்னாள். திட்டியவர்கள் திட்டினார்கள். றவூப் ஒரு கிழமை தறிக்கு வரவில்லை, வீட்டில் கதவைச் சாத்தினாலே நெஞ்சு அடிக்கிறது என்றான். சுபைறா சாய்ந்தமருதில் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய், அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்து நாலு வருசம் இருந்து, காய்ச்சலில் மௌத்தானாள். மறுபடி அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கேட்டதுதான் கடைசி.

அன்றைக்கு நிந்தவூரில் இருந்து திரும்பி நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அஸர் நேரம். சுபைறா முன்கதவுக்குப் பின்னால் நின்றாள், சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

“தொழுதாச்சா காக்கா?”

“தொழுதாச்சி.”

“பேரு சொல்லித்தானே?”

“தகப்பன்ட பேரோட.”

மூச்சு ஒன்று கேட்டது. அழுகையா என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருந்து சபியா உம்மா, “முத்தலிப்பா மனே? கண்ணாடி கெடச்சா? வா, வந்து வாசி. இஸ்மக் கட்டினானாமா?” என்று கூப்பிட்டார். கட்டிலில் எழும்பி உட்காரும் சத்தமும் கேட்டது.

கதவு இடுக்கால் இப்றாஹிமின் கடிதம் என் கைக்குத் திரும்பி வந்தது.

“நீங்களே வாசியுங்க காக்கா” என்றாள் சுபைறா, மிகவும் மெதுவாக. “இப்றாஹிம் எழுதின கடிதம். நான் வாசிச்சா இண்டைக்கு நம்பமாட்டா. இஸ்மு கட்டியாச்சி எண்டு சொல்லுங்க. கதிரைச் சத்தம் கொறஞ்சிட்டு எண்டு சொல்லுங்க. உங்களுக்கு வாறதச் சொல்லுங்க. அந்தக் கதவ மட்டும் தொறந்துராதீங்க.”